சயாமிலிருந்து திரும்பிய பயம்

தம்பினையும் மலாக்கா நகரையும் இணைக்கும் ரயில் பாதை ஒன்று இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் அதைப் பெயர்த்துச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) கொண்டுபோய்விட்டார்கள். கிம்மாஸிலிருந்து கிளந்தான் பக்கம் போகும் பாதையிலும் நெடுந்தூரத்துக்குத் தண்டவாளத்தைக் கழற்றி எடுத்தார்கள். இரும்பு போன வழியிலேயே ஆட்களும் போனார்கள். லாபு, ரந்தாவ், லிங்கி, போர்ட்டிக்சன், பகாவ் என்று நெகிரி செம்பிலானின் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்களும், மலாயாவின் மற்ற மாநிலத் தோட்டக்காரர்களும் 1943இல் சரக்கு வண்டிகளில் வடக்கே ஏற்றப்பட்டார்கள். முதலில் நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்றே மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். போனவர்களிடமிருந்து சேதியே வராமல் போனதும் யாரும் முன்வரவில்லை. அதன்பிறகு பிடித்து ஏற்றினார்கள்.

சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை ஜப்பானியர் போட்ட ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்துவிட்டது. இடையில் மழைக்காலத்தோடு காலராவும் வந்தது. 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளில் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைப்போலப் பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் போனவர்கள் சுமார் 75,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் அங்கேயே முடிந்துபோனார்கள். போர்க்கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய படை மருத்துவர்களாவது உடன் இருந்தார்கள். நம்மவர்களின் முகாம்களில் பெரும்பாலும் அதுவும் இல்லை.

இந்த அத்தியாயம் உயிரோடு திரும்பி வந்தவர்களைப் பற்றியது. போர்க்கைதிகளாக இருந்த ஆஸ்திரேலியர்களையும் பிரிட்டிஷ்காரர்களையும் பல பத்தாண்டுகள் கழித்தும் மருத்துவர்கள் அழைத்துப் பரிசோதித்தார்கள். தோட்டத்துக்குத் திரும்பியவருக்குக் கிடைத்ததோ மறுபடியும் ஒரு நிரையும் ஒரு பால் வாளியும்தான். 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' என்ற பெயர் மருத்துவப் பட்டியலில் ஏறியதே 1980இல்தான். இனி அதைப் பிடிஎஸ்டி என்றே சொல்கிறேன்.

ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். அவர் தனி மனிதர் அல்ல. சயாமுக்குப் போய்வந்தவர்களைப் பற்றிக் குடும்பங்கள் சொல்லும் சேதிகளைச் சேர்த்து நான் உருவாக்கிக்கொண்ட ஆள். 1946இல் லாபுப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வந்து இறங்குகிறார். கணுக்காலில் ஆறிய புண்ணின் பள்ளம். பெரட்டுக்குத் தவறாமல் வருவார், வேலையில் குறை சொல்ல முடியாது. வேலையை மேற்பார்க்கும் தண்டல் பின்னாலிருந்து குரலை உயர்த்தினால் மட்டும் கை உளியோடு அப்படியே நின்றுவிடும். மழை நாள் அவருக்கு மோசமான நாள். பால் வெட்ட முடியாமல் லயமே வீட்டில் அடைந்து கிடக்கும்போது, தகரக் கூரையில் மழை கொட்டக் கொட்ட அவர் வாசல் படியை விட்டு நகர மாட்டார். உள்ளே வந்து படுக்கச் சொன்னால் எரிந்து விழுவார். இரவில் கத்திக்கொண்டு எழுவார். 'பயந்த கோளாறு' என்று திருநீறு போடுவார்கள். முனியாண்டி கோயிலில் கயிறு கட்டுவார்கள். சயாமைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

தண்டலின் குரல் காதுக்குள் போனதிலிருந்து தொடங்குவோம். காதிலிருந்து கிளம்பும் சமிக்ஞை மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற பகுதிக்கு வருகிறது. அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மேலே பெருமூளைப் புறணிக்குப் போய், 'இது யார் குரல், என்ன சொல்கிறது' என்று ஆராய்ந்த பிறகு கீழே இறங்கும். இன்னொன்று நேராக அமிக்டலாவுக்குப் போய்விடும். அமிக்டலா என்பது கன்னப்பொட்டுக்கு நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக, பாதாம் பருப்பு அளவில் இருக்கும் நரம்பணுத் திரள். நியூயார்க்கின் மூளை ஆய்வாளர் ஜோசஃப் லெடூ எலிகளில் கண்டறிந்த வழி இது. குறுக்குப் பாதையில் சத்தம் அமிக்டலாவைத் தொட எலிக்குச் சுமார் 12 மில்லிசெகண்ட் போதும். குரல் தண்டலுடையதா ஜப்பானியக் காவலாளுடையதா என்று புறணி தீர்ப்பதற்குள் கை நின்றுவிடுகிறது. அவர் பயப்படுவதாக முடிவெடுத்து நிற்கவில்லை. நின்ற பிறகுதான் தான் நின்றதே அவருக்குத் தெரிகிறது.

அமிக்டலாவுக்கு இந்தக் குரல் ஏன் இவ்வளவு பொருட்டாகிறது? அதன் பக்கவாட்டுப் பகுதியில் இருக்கும் ஒரே ஒரு நரம்பணுவை அருகில் போய்ப் பார்ப்போம். சத்தத்தைக் கொண்டுவரும் இழையும் வலியைக் கொண்டுவரும் இழையும் அதே அணுவில் வந்து முடிகின்றன. சத்தம் தனியாக வந்தால், அந்த இழை உதிர்க்கும் குளூட்டமேட் அணுவை லேசாகத்தான் தட்டும். முதுகில் மூங்கில் கழி இறங்கும் கணத்திலேயே அதட்டலும் வந்தால் கதை மாறுகிறது. வலியின் வேகத்தில் அணு முழுதாகக் கிளர்ந்திருக்கும்போது, அதன் மேற்பரப்பில் உள்ள என்எம்டிஏ என்ற ஏற்பிகளின் வாயை அடைத்துக்கொண்டிருந்த மெக்னீசியம் விலகுகிறது. கால்சியம் உள்ளே பாய்கிறது. அதைத் தொடர்ந்து, சத்தம் வந்து சேரும் இணைப்பில் புதிய ஏற்பிகள் நடப்படுகின்றன. சில மணி நேரத்தில் புதுப் புரதங்கள் உருவாகி அந்த மாற்றத்தை நிலைப்படுத்துகின்றன. அடுத்த முறை கழி தேவையில்லை, அதட்டல் மட்டுமே அந்த அணுவை முழுதாகக் கிளப்பிவிடும்.

அங்கிருந்து சமிக்ஞை அமிக்டலாவின் மையப் பகுதிக்குப் போய்ப் பல கிளைகளாக இறங்குகிறது. நடுமூளையில் நீர்க்குழாயைச் சூழ்ந்த சாம்பல் பகுதிக்குப் போகும் கிளை உடலை உறைய வைக்கிறது. ஹைப்போதாலமஸுக்குப் போவது நாடியையும் ரத்த அழுத்தத்தையும் கார்ட்டிசாலையும் கிளப்புகிறது. மூளைத் தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சின்னஞ்சிறு நீலப் புள்ளி ஒன்று உண்டு. அது நோரட்ரினலினை மூளை முழுக்கத் தெளிக்கிறது. அந்த நோரட்ரினலின் நடப்பதை எல்லாம் இன்னும் ஆழமாகப் பதிய வைக்கிறது. பயந்த நேரத்தில் கண்டதும் கேட்டதும் மற்ற நாட்களின் நினைவைவிட அழுத்தமாக நிற்பதற்கு இதுவே காரணம். இது நோய் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சயாம் முகாமில் அதட்டலுக்கு உடனே உறைந்து நின்றவனுக்கு அடி குறைந்தது. அந்தக் கணக்கை அமிக்டலா சரியாகத்தான் போட்டது.

வாசனைக்கு இந்த வழியில் இன்னும் பெரிய சலுகை. மூக்கிலிருந்து வரும் சமிக்ஞை தலாமஸைத் தொடாமலே அமிக்டலாவின் வாசலுக்கு வந்துவிடுகிறது. சயாமில் வெப்பமண்டலப் புண்கள் எலும்பு தெரிய அழுகின. ரப்பர் ஸ்டோரில் நாள்பட்டுக் குவிந்த ஒட்டுப்பாலின் வாடை தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திரும்பி வந்தவர் ஒருவருக்கு அந்த இரண்டும் ஒன்றாகிப்போக எவ்வளவு வாய்ப்பு இருந்திருக்கும்! தோட்டத்தில் அந்த வாடையிலிருந்து தப்பிப் போக இடமும் இல்லை.

மழைக்கு வருவோம். மழையே ஆபத்து இல்லை. சயாமில் பெய்த மழை ஆபத்தின் பின்னணி. பின்னணியை இடத்தோடும் காலத்தோடும் சேர்த்துக் கட்டிவைப்பது அமிக்டலாவுக்குப் பின்னால் வளைந்து கிடக்கும் ஹிப்போகேம்பஸின் வேலை. 'அந்த மழை அங்கே, அப்போது. இந்த மழை இங்கே, இப்போது' என்று பிரித்துச் சொல்ல வேண்டியது அதுதான். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு காட்சிகளைத் தனித்தனியாகப் பதிவது அதன் ஒரு பகுதியின் தனித்திறன். பிடிஎஸ்டி உள்ளவர்களிடம் இந்தப் பிரித்தறிதல் தளர்ந்துவிடுகிறது. கால முத்திரை இல்லாமல் எழுந்துவரும் நினைவு, நினைவாகவே தோன்றுவதில்லை. மறுபடியும் நடக்கிறது என்றே உடல் எடுத்துக்கொள்கிறது. படியில் உட்கார்ந்திருந்தவருக்கு வயது ஐம்பது ஆகியிருக்கலாம். மழை விடும்வரை அவர் உடல் இருந்தது 1943இல்.

பிடிஎஸ்டி உள்ளவர்களுடைய ஹிப்போகேம்பஸ் அளவில் சற்றுச் சிறியதாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டன. அதிர்ச்சிதான் அதைச் சுருக்கியது என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள். மார்க் கில்பர்ட்சன், ரோஜர் பிட்மன் குழுவினர் 2002இல் ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களை ஒப்பிட்டார்கள். ஒருவர் வியட்நாம் போருக்குப் போனவர், மற்றவர் ஊரிலேயே இருந்தவர். போருக்குப் போய்க் கடுமையான பிடிஎஸ்டி வந்தவருடைய ஹிப்போகேம்பஸ் சிறியது. போரையே காணாத உடன்பிறப்புக்கும் அதே அளவில் சிறியது. அப்படியானால் சிலர் எளிதில் புண்படும் மூளையோடே போருக்குள் போகிறார்கள். ஒரே வண்டியில் போய்வந்த அண்ணன் தம்பியில் ஒருவர் கலங்காமல் வாழ்ந்ததையும், மற்றவர் உடைந்ததையும் பார்த்து, 'அவனுக்கு மனத்தைரியம் இல்லை' என்று தோட்டத்தில் சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு வாழ்ந்தவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அவர்கள் தைரியம் குறைந்தவர்கள் அல்ல. பெரும் ஆபத்தைச் சந்திப்பவர்களில் எல்லோருக்கும் பிடிஎஸ்டி வருவதில்லை என்பது உண்மை. யாருக்கு வரும் என்பதைத் தீர்ப்பவை அடியின் அளவு, பிறவி அமைப்பு, அதற்குப் பிறகு கிடைத்த ஆதரவு என்று பல.

'நாளாக ஆக மறந்துபோகும்' என்பார்கள். பயம் அப்படி மறப்பதில்லை. ஓசையோடு அதிர்ச்சி கொடுத்துப் பயப்படக் கற்ற எலிக்கு, பிறகு ஓசையை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தால் உறைவது மெல்ல நின்றுவிடும். பழைய பாடம் அழிந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். பாவ்லோவே கண்டதுதான், கொஞ்ச நாள் விட்டுப் பார்த்தால் பழைய பழக்கம் தானாகத் திரும்பும். அமெரிக்காவின் மார்க் பூட்டன் இன்னொன்றையும் காட்டினார். உறைவது நின்ற கூண்டிலிருந்து வேறு கூண்டுக்கு மாற்றினாலும் பயம் திரும்பிவிடும். ஆக, அங்கே நடந்தது மறதி அல்ல. 'இந்த ஓசை இங்கே ஆபத்தில்லை' என்ற புதிய பாடம் பழையதன் மேல் படிகிறது. பால்மரத்தில் உளி வெட்டிய இடத்தில் புதுப்பட்டை வளர்வதைப் போல என்று சொல்லலாம். வெட்டு ஆழமாகிக் கட்டையைத் தொட்டிருந்தால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் மூடும்.

புதிய பாடத்தைச் சேமிக்கும் இடம் நெற்றிக்குப் பின்னால், முன்மூளையின் நடுப்பகுதியின் அடியில் இருக்கிறது. புவெர்டோ ரிக்கோவில் முகமது மிலாதும் கிரிகரி குவெர்க்கும் 2002இல் இதை எலிகளில் காட்டினார்கள். அந்த இடத்தின் அணுக்கள் பாடத்தை நினைவுகூரும்போது சுடர்ந்தன. மின்தூண்டல் கொடுத்து அவற்றைச் செயற்கையாகச் சுடர வைத்தால் எலி உறைவது குறைந்தது. பிடிஎஸ்டி உள்ள மனிதர்களும் புதிய பாடத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். மறுநாள் அது நினைவுக்கு வருவதில்தான் தடுமாற்றம், அப்போது அந்த முன்மூளைப் பகுதி மந்தமாக இருப்பதை மூளைப் படங்கள் காட்டின.

ஆனால் எல்லாவற்றையும் இந்த ஒரு படத்துக்குள் அடக்கிவிட முடியாது. வியட்நாமில் தலையில் காயம்பட்ட வீரர்களை மைக்கேல் கோனிக்ஸ், ஜோர்டன் கிராஃப்மன் குழு ஆராய்ந்து 2008இல் எழுதியது. அமிக்டலா சிதைந்தவர்களில் ஒருவருக்கும் பிடிஎஸ்டி வரவில்லை. இது எதிர்பார்த்ததுதான். முன்மூளையின் அந்த அடிப்பகுதி சிதைந்தவர்களுக்கும் பிடிஎஸ்டி குறைவாகவே வந்திருந்தது! அடக்கும் பகுதி கெட்டால் பயம் கூடவேண்டும் அல்லவா? அந்தப் பகுதி பயத்தை அடக்குவதோடு, 'எனக்கு இது நடந்தது' என்று நினைவைத் தன்னோடு சேர்த்துக் கட்டுவதிலும் பங்கு கொள்கிறது என்பது ஒரு விளக்கம். இரண்டு அமிக்டலாவும் நோயால் அழிந்த ஓர் அமெரிக்கப் பெண் பாம்புக்கும் பயப்படுவதில்லை, பேய்ப் படத்துக்கும் பயப்படுவதில்லை. 35 சதவீதம் கரியமிலவாயு கலந்த காற்றை முகமூடி வழியாகச் சுவாசிக்கக் கொடுத்தபோது அவர் பீதியில் துடித்தார். லெடூ தாமே பின்னாளில் தம் பழைய பேச்சைத் திருத்திக்கொண்டார். அமிக்டலா சுற்று நடத்துவது தற்காப்பை. 'பயமாக இருக்கிறது' என்ற உணர்வு மூளையின் மற்ற பகுதிகளும் சேர்ந்து கட்டுவது என்கிறார். எனக்கு இந்தத் திருத்தம் மிக முக்கியமாகப் படுகிறது. உடல் உறைவதும் மனம் நொந்துபோவதும் ஒன்றல்ல, மருந்தும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

புதிய பாடம் படிவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஓசை வரவேண்டும், அடி வரக்கூடாது. நெகிரி செம்பிலானில் அந்த அமைதி எத்தனை ஆண்டு கிடைத்தது? 1942 மார்ச்சிலேயே கோலப்பிலாவின் பாரிட் திங்கியிலும் ஜெலுபுவின் தித்திக்கு அருகிலும் ஜப்பானியர் சீனக் கிராமங்களைச் சூழ்ந்து நூற்றுக்கணக்கில் கொன்றிருந்தார்கள். அக்கம்பக்கத் தோட்டங்கள் அந்தச் சேதியோடு வாழ்ந்தன. சயாமிலிருந்து திரும்பியவர்கள் மூச்சு விட்டு இரண்டு மூன்று ஆண்டுக்குள், 1948 ஜூனில், அவசரகாலம் வந்தது. சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாகச் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். ஊரடங்கு, அடையாள அட்டை, வாசலில் சோதனை. காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் வந்தார்கள், பட்டாளமும் வந்தது. காட்டுக்காரர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று வெட்டுக்குப் போகிறவர்களைத் தடவிப் பார்த்தார்கள். அவசரகாலம் 1960 வரை நீடித்தது. ஆய்வுக்கூடத்தில், பயம் ஆறிய எலிக்கு எச்சரிக்கை இல்லாமல் ஒரே ஒரு அதிர்ச்சி கொடுத்தால் பழைய பயம் முழுதாக எழுந்துவிடும். முகாமில் வேலிக்குள் இருந்தவனை, ஊருக்கு வந்த பிறகு துப்பாக்கிக்காரர்கள் காவல் நிற்கும் வேலிக்குள்ளேயே வைத்தால் அவனுடைய முன்மூளை எதைக் கற்றுக்கொள்ளும்? இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்தது இதுதான்: அவர்கள் மறக்கத் தவறியவர்கள் அல்ல, பாதுகாப்பைக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு இடமும் காலமும் தரப்படவில்லை.

கிடைத்தது கள்ளுக்கடை. மது, மூளையின் தணிக்கும் வேதிப்பொருளான காபாவின் வேலையைக் கூட்டுகிறது. அமிக்டலாவின் கூச்சல் ஓரிரு மணி நேரம் தணியும். போதை தெளியும்போது அது முன்னைவிட அதிகமாகக் கிளம்பும், கனவுத் தூக்கம் கெடும். புதிய பாடம் படிவதற்குத் தூக்கமே முக்கியமான நேரம். சயாமிலிருந்து வந்தவரைக் குடிகாரர் என்றே நினைவு வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அவர் மருந்தென்று நினைத்துக் குடித்திருக்கலாம்.

பிள்ளைகளுக்கு அந்தப் பயம் எப்படிப் போனது? மரபணு வழியாகப் பயம் இறங்குகிறது என்ற பேச்சு இப்போது பரவலாக இருக்கிறது. மனிதர்களில் அதற்கான சான்று மெலிந்தது, நான் அவசரப்பட மாட்டேன். இதைவிட உறுதியான வழி ஒன்று இருக்கிறது. சூசன் மினேகா 1984இல், ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த, பாம்புக்குப் பயப்படாத இளங்குரங்குகளுக்கு, காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதைக் காட்டினார். சில நிமிடங்களில் அவையும் கற்றுக்கொண்டன. மற்றவர் முகத்தில் பயத்தைக் காணும் மனிதனின் அமிக்டலாவும் தனக்கே அடி விழுந்ததுபோலக் கிளர்வதை ஆண்ட்ரியாஸ் ஓல்சன், எலிசபெத் ஃபெல்ப்ஸ் குழு 2007இல் காட்டியது. சீருடைக்காரரைக் கண்டதும் அப்பாவின் முகம் மாறுவதைத் தினமும் பார்த்த பிள்ளைக்குச் சயாம் என்றால் என்னவென்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

பிடிஎஸ்டிக்கு மருத்துவம் உண்டா? உண்டு. தமிழர்களிடையே அது வேரூன்றிய இடம் யாழ்ப்பாணம். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே அங்கே பணியாற்றி, உள்ளூர் ஆட்களுக்கு உளவளத் துணைப் பயிற்சி கொடுத்து, தமிழிலேயே கைநூல் எழுதினார். மந்திரம் ஓதுதல், மூச்சு ஒழுங்கு, ஒப்பாரி போன்ற நம்முடைய வழிகளை அவர் ஒதுக்கவில்லை, சிகிச்சையோடு சேர்த்தார். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் முகாம் குழந்தைகளிடம் கிளாடியா கட்டானி, ஃபிராங்க் நொய்னர் குழுவினர் இரண்டு சிகிச்சைகளை ஒப்பிட்டார்கள். ஒன்று கதைவழிச் சிகிச்சை, மற்றது தியானமும் தளர்ச்சிப் பயிற்சியும். இரண்டிலுமே குழந்தைகள் தேறினார்கள்.

கதைவழிச் சிகிச்சை நடக்கும் விதம் இது. தரையில் ஒரு கயிற்றை நீட்டிப் போடுவார்கள். அதன் தொடக்கம் பிறப்பு. சிகிச்சைக்கு வந்தவர் நல்லது நடந்த இடத்தில் பூ வைப்பார், கொடியது நடந்த இடத்தில் கல் வைப்பார். பிறகு ஒவ்வொரு கல்லிலும் நின்று என்ன கண்டார், என்ன வாசனை, உடல் எப்படி இருந்தது என்று கால வரிசையில் சொல்லச் சொல்ல, துணையாளர் எழுதிக்கொள்வார். இடையிடையே 'இப்போது நாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம்' என்று கேட்டு நிகழ்காலத்துக்குக் கொண்டுவருவார். அடுத்த அமர்வில் எழுதியதை வாசித்துக் காட்டித் திருத்துவார்கள். ஹிப்போகேம்பஸ் போடத் தவறிய தேதியும் இடமும் இப்படித்தான் நினைவின் மேல் ஏறுகின்றன. நாடி எகிறிப் பிறகு தானாகவே தணிவதை உடல் உணரும்போது, முன்மூளை புதிய பாடத்தை எழுதிக்கொள்கிறது. 'நடந்ததை மறந்துவிடு' என்று சொல்லி வாயை அடைப்பது இந்த இரண்டையுமே தடுக்கிறது. கேட்பவர் பயிற்சி இல்லாதவராக இருந்து, பாதியில் நிறுத்திவிட்டால் புண் கிளறப்பட்டதோடு நிற்கும் என்பதும் நினைவிருக்க வேண்டும்.

சயாமைக் கண்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் போய்விட்டார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களில் அந்தக் காலம் இருக்கிறது. பிடிஎஸ்டி அவர்களோடு போய்விடவில்லை. செம்பனைத் தோட்டத்தில் விபத்தைக் கண்டவருக்கும், நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளோடு நசுங்கிப் பிழைத்தவருக்கும், வீட்டுக்குள்ளேயே அடிபட்ட பெண்ணுக்கும் அதே சுற்றுகள்தான். கனவு, திடுக்கிடல், ஒதுங்கிப் போதல், எரிச்சல் ஆகியவை ஒரு மாதத்தைத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிரம்பான் துவாங்கு ஜஃபார் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அருகிலுள்ள அரசு சுகாதார கிளினிக்கில் சொன்னால் அங்கே அனுப்புவார்கள். முதல் மருந்து பேச்சுவழிச் சிகிச்சை. தேவைப்பட்டால் செர்ட்ரலின் போன்ற மாத்திரையும் கொடுப்பார்கள். தூங்குவதற்கென்று டயாசெபம் வகை மாத்திரைகளை நாள்பட வாங்கிப் போடவேண்டாம். கள்ளு தொட்ட அதே காபாவைத்தான் அவையும் தொடுகின்றன, பிடிஎஸ்டிக்கு அவற்றை வழிகாட்டு நெறிகள் பரிந்துரைப்பதில்லை.